ஜார்ஜ் ஹரல்: ஒளியால் வரைந்து பென்சிலால் திருத்திய முகங்கள்

1929-இல் ஹாலிவுட் நடிகை நார்மா ஷியரர், ஜார்ஜ் ஹரல் என்ற இளம் ஒளிப்படக் கலைஞரைத் தேடி வந்தார். ஷியரரின் கணவர் இர்விங் தால்பர்க் எம்ஜிஎம் நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர். தம் மனைவி விரும்பிய கவர்ச்சியான வேடம் அவருக்குப் பொருந்தாது என்று எண்ணியவர். ஹரல் எடுத்த படங்களைப் பார்த்ததும் அவர் மனம் மாறியது. அந்த வேடத்துக்காகவே ஷியரர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். ஓவியராகும் எண்ணத்துடன் கலிபோர்னியாவுக்கு வந்திருந்த ஹரல், 1930-இல் எம்ஜிஎம்மின் உருவப்படக் கலைஞரானார்.

அவருடைய முறை நிழலிலிருந்து தொடங்குகிறது. ஒளி பெரிய பரப்பிலிருந்து வந்தால் நிழலின் ஓரம் மங்கிக் கரையும். சிறிய மூலத்திலிருந்து வந்தால் ஓரம் கூர்மையாக நிற்கும். ஹரல் ஸ்பாட் லைட்டையே பெரிதும் நம்பினார். ஒலிவாங்கியைத் தொங்கவிடும் நீண்ட கம்பத்தைப் போன்ற ஒன்றில் விளக்கைப் பொருத்தி, நடிகரின் தலைக்கு மேலே விரும்பிய இடத்துக்கு நகர்த்தினார். உயரத்திலிருந்து விழுந்த அந்த ஒளியில் கன்ன எலும்புக்குக் கீழுள்ள பள்ளம் ஆழ்ந்து தெரிந்தது. இமைமுடிகளின் நிழல்கூடக் கன்னத்தில் தனித்தனிக் கோடுகளாக விழுந்தது.

முகப்பூச்சு வேண்டாம் என்றும் அவர் வற்புறுத்தினார். பவுடர் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடித்து முகத்தைத் தட்டையாக்கிவிடும். எண்ணெய்ப் பசையுள்ள வெறுந்தோலோ ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால், எலும்பு மேடுகளில் பளபளப்பு ஏறும். ஆனால் பூச்சு இல்லாத நடிகை ஜோன் கிராஃபோர்டின் முகத்தில் நிறையப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. சிவப்பை உணராத அக்காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் இத்தகைய புள்ளிகள் இன்னும் கருமையாகவே விழும்.

அவற்றை அகற்றியது பென்சில். புள்ளியிலிருந்து குறைந்த ஒளியே திரும்புவதால், நெகட்டிவில், அதாவது ஒளியும் இருளும் தலைகீழாகப் பதியும் பிலிமில், அந்த இடத்தில் வெள்ளி குறைவாகப் படிந்து, கண்ணாடித் துளைபோல் தெளிவாக இருக்கும். அச்சிடும்போது அதன் வழியே அதிக ஒளி புகுந்து தாளில் கரும்புள்ளியை உண்டாக்கும். அந்தத் துளையைக் கூரிய பென்சிலின் கிராஃபைட்டால் சுற்றுப்புறத்தின் அடர்த்திக்கு நிரப்பிவிட்டால், அச்சில் புள்ளி இருந்த சுவடே தெரியாது. பிலிமின் மேலுள்ள வழுவழுப்பான ஜெலட்டின் பூச்சில் கிராஃபைட் ஒட்டாது என்பதால், முதலில் ஒரு மெல்லிய வார்னிஷ் தடவுவார்கள். ஹரலின் நெகட்டிவ் எட்டுக்குப் பத்து அங்குல அளவுடையது. இத்தனை நுண்ணிய வேலைக்கு இடம் கொடுத்தது அந்த அளவுதான். இன்றைய மென்பொருள்கள் செய்வதும் இதையே என்றாலும், அன்று அதைக் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது.

பென்சிலால் நெகட்டிவின் அடர்த்தியைக் கூட்டத்தான் முடியும். அதாவது, அச்சில் வெளுப்பை மட்டுமே சேர்க்க முடியும். கருமை வேண்டுமானால் படிந்த வெள்ளியைக் கத்தியால் சுரண்ட வேண்டும். அது மிகவும் ஆபத்தான வேலை. ஆகவே நிழல்கள் அனைத்தையும் படம் எடுக்கும் நேரத்திலேயே விளக்கால் அமைத்துவிட்டு, வெளுக்க வேண்டியவற்றை மட்டும் பென்சிலுக்கு விட்டுவைத்தார்கள்.