"ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" இந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் பழகுங்கள்

காரைக்குடியில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சும் நேர்காணலும் பழக்கி வருகிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து வருகிறார்கள். படிப்பு, ப்ராஜெக்ட் பற்றிய கேள்விகளுக்கு நன்றாகத் தயாராகி வரும் பிள்ளைகள்கூட, ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்கிறார்கள். எளிதான கேள்விதானே என்று அதற்கு யாரும் பழகுவதில்லை.

பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "மை ஹாபீஸ் ஆர் ரீடிங் புக்ஸ் அண்ட் லிசனிங் மியூசிக்." 'லிசனிங்' என்பதற்குப் பின்னால் 'டு' வரவேண்டும், அது சின்னப் பிழை. பெரிய சிக்கல் அடுத்த கேள்வியில் வரும். "கடைசியாக என்ன புத்தகம் படித்தீர்கள்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. மனப்பாடம் செய்யாத விஷயத்தை எப்படிப் பேசுகிறீர்கள் என்று பார்ப்பதற்கே இதைக் கேட்கிறார்கள். மனப்பாடப் பதில் அங்கே உதவாது.

ஒரு மாணவி தன் ஆயாவோடு உட்கார்ந்து பனை ஓலையில் கொட்டான் முடைவாள். வகுப்பில் அதைச் சொல்லச் சொன்னபோது தயங்கினாள். "அதெல்லாம் ஹாபியா மேடம்? வீட்ல சும்மா இருக்கறப்ப பண்றதுதானே?" என்றாள். அதுதான் ஹாபி. விருப்பத்தோடு, விடாமல், கொஞ்சம் கைத்திறனோடு செய்வது எதுவும் அந்தச் சொல்லுக்குள் வரும். தூங்குவதும் ரீல்ஸ் பார்ப்பதும் வரா. செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற பொருள். "ஐ வீவ் பாம்-லீஃப் பாஸ்கெட்ஸ் வித் மை கிராண்ட்மதர்" என்று ஒரு வரி சொன்னால் போதும், கேட்பவர் அடுத்த கேள்வியை ஆவலோடு கேட்பார். ஓலையை எப்படிப் பதப்படுத்துவது, சாயம் எப்படி ஏற்றுவது என்று அவளால் நெடுநேரம் பேச முடியும். அதற்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்காது.

ஐயாவோடு ஆண்டுதோறும் கம்பன் விழாவுக்குப் போகும் பையன் அதை 'ஸ்பீச் ப்ரோக்ராம்' என்று முடித்துவிடுகிறான். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் நடத்தும் விழா அது. "எ லிட்டரரி ஃபெஸ்டிவல் இன் மை டவுன்" என்று தொடங்கி, அங்கே கேட்ட பட்டிமன்றத்தை 'டிபேட்' என்று சொல்லி விளக்கலாம். சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் போகிறவர்களும் அப்படித்தான், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பார்வையாளராகப் போகிறீர்கள் என்றால் 'வாட்ச்' போடுங்கள். 'சீ', 'லுக்' இரண்டும் அங்கே சரியாக உட்காரா.

இனி, பொருளையே மாற்றிவிடும் சில சொற்கள். 'ஃபன்', 'ஃபன்னி' இரண்டையும் கலப்பதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. டூர் மகிழ்ச்சியாக இருந்தது என்பதற்கு "த டூர் வாஸ் ஃபன்னி" என்கிறார்கள். 'ஃபன்னி' என்றால் சிரிப்பு மூட்டுவது. விநோதமானது, சந்தேகத்துக்கு இடமானது என்றும் பொருள் உண்டு. வங்கி வேலைக்குப் போய், பயிற்சிக்காலத்தில் பார்த்த கணக்கு வழக்கெல்லாம் 'ஃபன்னி'யாக இருந்தது என்று சொன்னால் முறைகேட்டைச் சொல்வதுபோல் ஆகிவிடும். "இட் வாஸ் எ லாட் ஆஃப் ஃபன்" என்பதே சரி. நண்பர்களோடு 'மேக் ஃபன்' செய்தோம் என்றும் சொல்லாதீர்கள். 'மேக் ஃபன் ஆஃப்' என்றால் ஒருவரைக் கேலி செய்வது. 'ஹேட் ஃபன்' என்று சொல்லுங்கள்.

'என்ஜாய்' தனியாக நிற்காது. "வீ என்ஜாய்ட் வெரி மச்" என்பது நம் ஊரில் புரியும். ஆங்கிலத்தில் எதை என்ற கேள்வி தொங்கும். "வீ என்ஜாய்ட் த ஃபெஸ்டிவல்" என்றோ "வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்" என்றோ முடிக்க வேண்டும். பின்னால் வினை வந்தால் 'என்ஜாய் குக்கிங்' என்று 'இங்' வடிவம்தான், 'என்ஜாய் டு குக்' வராது.

"ஐ ஆம் போரிங்" என்று சொல்லிவிட்டால், என்னோடு இருந்தால் உங்களுக்குச் சலிப்புத் தட்டும் என்று நீங்களே சான்று கொடுத்த மாதிரி. உங்களுக்குப் போரடித்தால் 'போர்ட்'.

விளையாட்டு என்றாலே 'ப்ளே' போடும் பழக்கமும் இருக்கிறது. கிரிக்கெட், கேரம், தாயம், பல்லாங்குழி எல்லாவற்றுக்கும் 'ப்ளே' சரி. ஊருணியில் நீந்துவதற்கும் கண்மாயில் தூண்டில் போடுவதற்கும் 'கோ ஸ்விம்மிங்', 'கோ ஃபிஷிங்'. யோகா, கராத்தே என்றால் 'டூ'. சிலம்பத்துக்கு 'ப்ராக்டிஸ்' நன்றாகப் பொருந்தும். 'டைம்பாஸ்' இந்தியாவுக்கு வெளியே பெரும்பாலும் புரியாது; சிங்கப்பூர், துபாய் நிறுவனங்களோடு ஆன்லைனில் பேசும் பிள்ளைகள் 'பாஸ்டைம்' என்று சொல்லிப் பழகுவது நல்லது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேம்பஸ் தேர்வு நெருங்கினால் பிள்ளையின் கேரம் போர்டைப் பரணில் ஏற்றி, கிரிக்கெட்டை நிறுத்தி, கோவில் திருவிழாவுக்குக்கூட அனுப்பாமல் வைக்கிறீர்கள். அப்படி அடைபட்டு வரும் பிள்ளையிடம் இந்தக் கேள்விக்குச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை; முகமும் வாடிக் கிடக்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரமாவது விடுங்கள். திரும்பி வந்ததும் என்ன விளையாடினாய், யார் ஜெயித்தது என்று கேளுங்கள். தமிழில் கோவையாகச் சொல்லத் தெரிந்தால் ஆங்கிலம் நான் சொல்லிக் கொடுப்பேன்.

உச்சரிப்பை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 'லெஷர்' என்பார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் 'லீஷர்'. இரண்டும் சரிதான். பேச்சில் அந்தச் சொல்லே வேண்டாம் என்றால் 'ஃப்ரீ டைம்' போதும்.