அந்த டப்பாவைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்

வில்லிவாக்கத்தில் என் கிளினிக்குக்குக் கீழ்த்தளத்திலேயே பரிசோதனைக்கூடம் இருக்கிறது. ரத்தம் கொடுக்கச் சொன்னால் அன்றைக்கே கையை நீட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். மலம் கொடுக்கச் சொன்னால் டப்பாவை வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை. வருகிறவர்களும் அந்தச் சிறிய டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, அதையும் ஸ்வீட் கடைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவருகிறார்கள். கவுண்ட்டரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பெயர் இருக்காது. எந்த நேரத்தில் எடுத்தது என்றும் தெரியாது. யாருடையது என்று தெரியாததைப் பரிசோதிக்க முடியாமல் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும்.

இந்தக் கூச்சத்தின் விலை என்ன என்பதை ஒரு பெண்ணிடம் பார்த்தேன். பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை, வயது 26. எட்டு மாதங்களாக ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வயிற்றால் போயிருக்கிறது, சளியும் ரத்தமும் கலந்து. மூலச்சூடு என்று தானே முடிவு செய்துகொண்டு வெந்தயமும் இளநீரும் மோருமாகக் காலத்தை ஓட்டியிருக்கிறார். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுத்தான் உட்காருவாராம். அலுவலகம் போகும் வழியில் எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் மயங்கி விழுந்த பிறகுதான் அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.

“ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கிறதா அம்மா?” என்று கேட்டேன். அவர் தாயைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அதுவே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. வெறும் பதற்றத்தால் கலங்கும் குடல் பெரும்பாலும் இரவில் நம்மை எழுப்புவதில்லை. புண்பட்ட குடல் எழுப்பும்.

அவருக்கு எழுதிய பரிசோதனைகளில் ஒன்று, மலத்தில் கால்ப்ரொடெக்டின். பலரும் கேள்விப்பட்டிராத பெயர். உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள். அவற்றுக்குள் நிறைந்து கிடக்கும் புரதம்தான் இது. குடற்சுவர் புண்ணானால் இந்த அணுக்கள் சுவரைக் கடந்து குடலுக்குள் இறங்கி மலத்தோடு வெளியேறுகின்றன. நார்வேயில் மாக்னே ஃபேகர்ஹோலும் அவருடைய குழுவினரும் 1980இல் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். மலத்தில் இதை அளக்கலாம் என்பது 1992இல் வெளிவந்தது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களால் இது எளிதில் சிதைவதில்லை. அதனால்தான் வீட்டில் எடுத்துக் கொண்டுவரும் மலத்திலும் நம்பிக்கையாக அளக்க முடிகிறது.

ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால், பெரியவர்களுக்குக் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250ஐத் தாண்டினால் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். இடையில் இருப்பது இரண்டுங்கெட்டான் நிலை. சில வாரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். பரிசோதனைக்கூடத்துக்குப் பரிசோதனைக்கூடம் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும் என்பதால், முடிந்தவரை ஒரே இடத்தில் பாருங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம் இருக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அந்தப் பெண்ணுக்கு 1,200ஐத் தாண்டியிருந்தது. ரத்தம் போனதால் அவருக்கு எப்படியும் கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது, தேவைதான். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்க எண் வேண்டுமென்றே மலத்தையும் அனுப்பினேன். கொலோனோஸ்கோபியில் தெரிந்தது, பெருங்குடலில் புண்களோடு கூடிய நாள்பட்ட அழற்சி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொல்வார்கள். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ரத்தம் ஏற்றும் நிலை வந்திருக்காது.

இதே பரிசோதனை வேறொருவரின் பயத்தைத் தீர்த்தது. மாநகரப் பேருந்து நடத்துநர். காலை டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு முறுக்கும், இரண்டு மூன்று முறை போவார், பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை. புற்றுநோய் என்றே நம்பி மூன்று ஸ்கேன் எடுத்துவிட்டார். எடை குறையவில்லை, ரத்தம் இல்லை, ரத்தசோகை இல்லை. கால்ப்ரொடெக்டின் 22. குடலுக்குள் குழாய் விடாமலேயே, இது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்), குடலின் இயக்கத்தில் வரும் கோளாறு, புண் அல்ல என்று துணிந்து சொல்ல முடிந்தது. இங்கிலாந்தில் 2013 முதலே, இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கு இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். இதன் மிகப் பெரிய பயன் இதுதான் என்பேன்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் ஓர் இளைஞர் 280 என்ற அறிக்கையோடு வந்தார். அதற்குள் கைப்பேசியில் தேடித் தேடி வாழ்க்கையே முடிந்துவிட்டது போல் வாடியிருந்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். முழங்கால் கட்டைக் காட்டிக் கேட்ட பிறகுதான், மருந்துக் கடையில் வாங்கி மூன்று வாரமாக டைக்ளோஃபெனாக் போடுவது தெரிந்தது. நம் மக்கள் வலி மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை குடற்சுவரை அரித்து இந்த எண்ணை ஏற்றிவிடும். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழித்துப் பார்த்தோம்: 38. பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே இவற்றை நிறுத்துவது நல்லது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாமாக நிறுத்தவே கூடாது, மருத்துவரைக் கேளுங்கள். தினமும் போடும் அசிடிட்டி மாத்திரையும் எண்ணைக் கொஞ்சம் கூட்டலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடிநீரில் கழிவுநீர் கலந்து வரும் வயிற்றுப்போக்கின்போது எடுத்தால் ஏறித்தான் இருக்கும். அது அடங்கிய பிறகு எடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் காசநோய் குடலையும் தாக்குகிறது. குடல் காசநோயிலும் எண் ஏறும், குடலில் வரும் இன்னொரு நாள்பட்ட அழற்சியான குரோன் நோயிலும் ஏறும். இரண்டையும் இந்தப் பரிசோதனையால் பிரிக்க முடியாது. கொலோனோஸ்கோபி செய்து சதை எடுத்துப் பார்த்த பிறகும் சிலருக்குக் குழப்பம் நீடிக்கும். எண் அதிகம் என்பதற்காக யாரோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டைக் காசநோய் உள்ளவர் சாப்பிட்டால், நோய் உடலெங்கும் பரவிவிடும் ஆபத்து இருக்கிறது. அதேபோல, எண் குறைவாக இருப்பதால் புற்றுநோய் இல்லை என்றும் ஆகிவிடாது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத எடைக் குறைவோ, புதிதாக வந்த மலச்சிக்கலோ இருந்தால் டப்பாவுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராகக் கொலோனோஸ்கோபிதான். பணம் ஒரு தடை என்றால் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் குடல் நோய்க்கான தனித் துறைகள் இருக்கின்றன.

எப்படி எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை, கேட்கக் கூச்சம். நானே சொல்கிறேன். காலையில் முதலில் போகும் மலம் நல்லது. முதலில் சிறுநீரைக் கழித்துவிடுங்கள், அது கலக்கக் கூடாது. கழிப்பறைத் தண்ணீரில் விழுந்ததை எடுக்காதீர்கள். இந்தியக் கழிப்பறையானால் அகலமான ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய கழிப்பறையானால் இருக்கையின் மேல் விரித்து ஓரங்களை ஒட்டிவிடுங்கள். டப்பாவின் மூடியிலேயே சின்னக் கரண்டி இருக்கும். ஒரு நிலக்கடலை அளவு போதும், நிரப்பித் தர வேண்டியதில்லை. மூடி, கையை சோப்பால் கழுவி, பெயரும் தேதியும் நேரமும் எழுதி அன்றைக்கே கொண்டுவாருங்கள். சித்திரை வெயிலில் வண்டியின் பெட்டிக்குள் மதியம் வரை வைத்திருக்காதீர்கள். மாதவிடாய் நாட்களில் வேண்டாம், ரத்தம் கலந்தால் கணக்கு கெடும்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்த அந்தப் பெண், குடல் அழற்சியைத் தணிக்கும் மெசாலமைன் மாத்திரையில் நன்றாகத் தேறினார். எண் 64க்கு இறங்கியது. திருமண வேலைகளுக்கு நடுவே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு மாதம் மாத்திரையை விட்டுவிட்டார். வயிற்றுப்போக்கும் இல்லை, ரத்தமும் இல்லை, ஆனால் எண் 400ஐத் தாண்டியிருந்தது. தொந்தரவு தலைகாட்டுவதற்குப் பல வாரங்கள் முன்பே சிலருக்கு மலம் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி மாத்திரை தொடங்கினோம். மருத்துவமனையில் படுக்காமல் கல்யாணம் நடந்தது. இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு முறை அவரே டப்பாவைக் கொண்டுவருகிறார். போன வாரம் வந்ததில் பெயர், தேதி, காலை 6.40 என்று நேரம், எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன. கவுண்ட்டரில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நேராகப் போய்க் கையில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு போனார்.