செயல் இயக்குநர்

‘எக்சிகியூட்டிவ் டைரக்டர்’ என்னும் பதவியைத் தமிழில் சிலர் ‘நிர்வாக இயக்குநர்’ என்றும் சிலர் ‘செயல் இயக்குநர்’ என்றும் எழுதுகின்றனர். முன்னது மேனேஜிங் டைரக்டருக்கு வழங்கிவரும் பெயராதலால், இரு பதவிகளும் உள்ள நிறுவனத்தைப் பற்றிய செய்தியில் யார் எவரென்று படிப்பவருக்கு விளங்குவதில்லை.

முதற்சொல்லின் வேரான ‘எக்ஸ்செக்வி’ என்னும் இலத்தீன் வினைக்கு இறுதிவரை பின்தொடர்தல், நிறைவேற்றுதல் என்பன பொருள். ‘டைரக்டர்’ பிறந்த ‘டிரிகெரே’ என்பது நேராக்குதலையும் வழிப்படுத்துதலையும் குறிக்கும். ஆகவே, மேலே ஓர் அவை முடிவெடுக்க, அதை நடத்தி முடிப்பவர் என்பதே இப்பெயரின் உட்கிடை.

பொதுத்துறைத் தொழில்நுட்ப மையங்களில் இப்பொருள் தெளிவாகவே நிற்கிறது. 1988இல் புனேயில் தொடங்கி, 1991இல் ‘பரம் 8000’ மீக்கணினியை (சூப்பர் கம்ப்யூட்டரை) உருவாக்கிய சி-டாக் என்னும் மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பு ஒரு கம்பெனி அன்று. பதிவுபெற்ற அறிவியல் சங்கம். அதன் தலைமைப் பொறுப்பு தலைமை இயக்குநருடையது. திருவனந்தபுரம், பெங்களூரு போன்ற ஊர்களின் மையங்களைச் செயல் இயக்குநர்கள் நடத்திவந்துள்ளனர். ஆய்வுத் திட்டங்களை உரிய காலத்தில் முடிப்பது, நிதியையும் ஆட்களையும் கையாள்வது, தலைமையகத்துக்குப் பதில் சொல்வது ஆகியவை அவர்கள் பணி.

கம்பெனிச் சட்டத்தின்கீழ் 2014இல் வந்த விதிகளோ இப்பெயரை முழுநேர இயக்குநருக்கு, அதாவது இயக்குநர் குழுவில் அமர்பவருக்கு, உரியதாக்குகின்றன. ஆனால் பெல் (பாரத மிகு மின் நிறுவனம்) போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் செயல் இயக்குநர் அக்குழுவுக்கு அடுத்த படியில் இருக்கும் உயர் அதிகாரியே. பெயர் ஒன்றாயினும் அதிகாரம் ஒன்றன்று என்பதை மொழிபெயர்ப்பவர் மறக்கலாகாது.

செயற்பொறியாளர், பேரூராட்சிச் செயல் அலுவலர் எனத் தமிழக அரசு வழக்கில் ‘செயல்’ முன்பே வேரூன்றியிருப்பதால், ‘செயல் இயக்குநர்’ என்பதே நமக்குப் பொருத்தம். இலங்கையில் ‘நிறைவேற்றுப் பணிப்பாளர்’ என்பர். இலத்தீன் மூலத்துக்கு இது இன்னும் நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ‘இயக்குனர்’ என்று எழுதுவது பரவலாயினும், ஓட்டுநர், பெறுநர் என்பவற்றில் உள்ள ‘நர்’ ஈறே இங்கும் வருவதால் ‘இயக்குநர்’ என்பதே திருத்தமான வடிவம். இரு சொற்களையும் புணர்த்தாமல் பிரித்து எழுதுவது நன்று. ‘செயலியக்குநர்’ என்றால், கைப்பேசிச் செயலியை இயக்குபவர் என்று இன்றைய வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடும்.