பேக்கலைட்: உருகாத பொருளுக்கு ‘நெகிழி’ என்று பெயரா?

குக்கர் கைப்பிடி உடைந்து பாத்திரக் கடைக்குப் போனால், “ஒரிஜினல் பேக்லைட் சார், உருகாது” என்பார் கடைக்காரர். உண்மைதான். தீ பட்டால் கருகும், வெடிப்பு விடும், மருந்து நெடி அடிக்கும். ஆனால் பிளாஸ்டிக் டம்ளர் மாதிரி குழைந்து தொங்காது. பழைய வீடுகளில் ‘டக்’கென்று விழும் கறுப்பு உருண்டை சுவிட்சும் இதுதான்.

இந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். லியோ பேக்கலண்ட், 1863இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். 21 வயதுக்குள் வேதியியலில் முனைவர். பேராசிரியரின் மகளையே மணந்துகொண்டு 1889இல் அமெரிக்கா போனார். விளக்கொளியிலேயே படம் பிரதியெடுக்கும் ‘வெலாக்ஸ்’ தாளைக் கண்டுபிடித்து, 1899இல் கோடாக் கேமரா கம்பெனியின் ஈஸ்ட்மனுக்குப் பெருந்தொகைக்கு விற்றார். அதற்குப் பிறகு காசுக்குக் கவலையில்லை. நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் வீடு, பக்கத்திலேயே ஆய்வுக்கூடம்.

அவர் தேடியது அரக்குக்கு ஒரு மாற்று. மின்சாரம் பரவிய காலம் அது. கம்பிச் சுருள்களுக்குக் காப்புப் பூச அரக்கு வேண்டும். அதுவோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, பூச்சி சுரந்து வர வேண்டிய சரக்கு. பீனால், ஃபார்மால்டிஹைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்தால் கெட்டியான ஏதோ ஒன்று வருகிறது என்று ஜெர்மன் வேதியியலாளர் பேயர் 1872லேயே கண்டிருந்தார். குடுவையில் ஒட்டிக்கொண்ட அந்தச் சனியனைக் கழுவித் தள்ளத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பேக்கலண்ட் அதை மூடிய கலத்தில் வைத்து, சூட்டோடு அழுத்தமும் கொடுத்து வசப்படுத்தினார். அந்தக் கலத்துக்குப் பெயர் ‘பேக்கலைசர்’. குக்கர் கைப்பிடியின் மூதாதையே ஒரு குக்கரில்தான் வெந்திருக்கிறது!

1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1909இல் உலகுக்கு அறிவித்தார், 1910இல் ஜெனரல் பேக்கலைட் கம்பெனி தொடங்கினார். தன் பெயரோடு கிராஃபைட், டைனமைட் பாணியில் ஓர் ‘ஐட்’டை ஒட்டியதுதான் பேக்கலைட். டெலிபோன், ரேடியோப் பெட்டி என்று எங்கும் அது நுழைந்தது. 1939இல் கம்பெனியை வாங்கியது யூனியன் கார்பைடு. ஆம், பின்னாளில் போபாலால் நாம் அறிந்த அதே பெயர்தான். 1944இல் பேக்கலண்ட் காலமானார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்கிறோம். வார்த்து உருக்கொடுக்கத் தக்கது என்பது கிரேக்க மூலத்தின் பொருள். நெகிழ்தல் என்றால் இளகுதல், தளர்தல். சங்கத் தலைவியின் வளை நெகிழ்வது அப்படித்தான். பாலித்தீன் பைக்கு இது கச்சிதம்: நெய் மாதிரி சூட்டில் இளகும், ஆறினால் உறையும். பேக்கலைட்டோ இட்லி ஜாதி. வெந்தபின் மறுபடி மாவாகாது. சூட்டில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோல் முடிச்சிட்டுக்கொள்கின்றன, அந்த முடிச்சு அவிழாது. ஆக, நெகிழாத ஒன்றை நெகிழி என்பது எனக்கு ஒட்டவில்லை. ‘செயற்கை அரக்கு’ என்றும் சொல்லிப் பார்த்தேன். அரக்கும் உருகித் தொலைக்கிறதே.

பள்ளிப் பாடத்தில் ‘இளகும் வகை’, ‘இறுகும் வகை’ என்று பிரிப்பதுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பொருள்வகைக்கு ‘இறுகுபிசின்’ என்பேன். பேக்கலைட் என்பது வணிகப் பெயர், அதிலும் ஒருவரின் பெயர். அதைப் பெயர்க்க வேண்டாம். கடையில் போய் இறுகுபிசின் கைப்பிடி கேட்டுவிடாதீர்கள், பேக்லைட் என்றே கேளுங்கள்.