மெமரி கார்டு வாங்கும்போது அந்தப் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள்

கெட்டுப்போன கார்டுகளிலிருந்து படங்களை மீட்டெடுப்பது என் வேலை. இந்த வாரமும் ஒரு கார்டு வந்துவிட்டது. முகப்பில் 256 ஜிபி என்று அச்சு, எல்லோருக்கும் தெரிந்த நிறுவனத்தின் சின்னம், பளபளவென்று எழுத்து. ஒரு திருமணத்தை நாள் முழுக்கப் படமெடுத்தவர் கொண்டுவந்தார். காலையில் எடுத்தவை நன்றாகத் திறக்கின்றன. மதியத்துக்குப் பிறகு எடுத்தவற்றுக்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறந்தால் மட்டும் ஒன்றும் இல்லை. "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, ரிகவரி செய்து கொடுங்கள்" என்றார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கார்டுக்குள் உண்மையில் இருப்பது 32 ஜிபிதான்.

போலி கார்டு இப்படித்தான் வேலை செய்யும். நினைவகச் சில்லை நிர்வகிக்க, கார்டுக்குள் கண்ட்ரோலர் என்று இன்னொரு குட்டிச் சில்லு உண்டு. "உன் கொள்ளளவு என்ன?" என்று கேமரா கேட்டால் பதில் சொல்வது அதுதான். அதைப் பொய் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள். கேமராவும் நம்பிவிடுகிறது. உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் படங்கள் எங்கும் பதியாமல் போகும், அல்லது முன்பு எடுத்த படங்களின் மேலேயே எழுதப்படும். ஃபைல் பெயர்களின் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் அது மட்டும் தப்பிக்கும். படமெடுத்த உடனே கேமராத் திரையில் தெரிவது கேமராவின் சொந்த நினைவகத்திலிருந்து வருவது. அதனால் எடுக்கும்போது சந்தேகமே வராது. தெரியாமல் அழித்த படத்தை மீட்கலாம், ஃபார்மட் செய்த கார்டிலிருந்தும் பல நேரம் மீட்கலாம். எழுதவே படாத படத்தை எங்கிருந்து மீட்பது?

"நல்ல பிராண்டு பார்த்துத்தானே வாங்கினேன்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல பிராண்டைத்தான் போலி செய்வார்கள். பெயர் தெரியாத பிராண்டுக்குப் போலி அடித்து யாருக்கு என்ன லாபம்? இணையச் சந்தையில் வாங்கினால் பொருளின் பெயருக்குக் கீழே விற்பவர் யார் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள். நிறுவனமோ அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மற்ற இடங்களில் விற்பதைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறதா, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எங்கே வாங்கினாலும் சரி, வேலைக்குக் கொண்டுபோகும் முன் சோதித்துவிடுங்கள். அதற்கென்றே மென்பொருள்கள் உண்டு: விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 (F3). இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் தரவால் நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்லும். பெரிய கார்டு என்றால் மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். ஒன்று மட்டும்: 128 ஜிபி கார்டு கணினியில் 119 என்று காட்டினால் பதறி என்னை அழைக்க வேண்டாம். நிறுவனம் ஜிபியை ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. கார்டில் குறை ஒன்றும் இல்லை.

இனி தலைப்பில் சொன்ன அந்தப் பெரிய எண்ணுக்கு வருகிறேன். அது கொள்ளளவு அல்ல, வேகம். முகப்பில் "நொடிக்கு 200 எம்பி" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வருகிறவர்களில் பலர் அதை ஒரு மதிப்பெண் மாதிரி பார்க்கிறார்கள். 200 வாங்கிய கார்டு 100 வாங்கிய கார்டைவிட நல்ல கார்டு, நல்ல கார்டு என்றால் கெடாது. இந்த எண்ணத்தை உடைக்கவே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

பொதுவாக அந்த எண் படிக்கும் வேகம். அதாவது கார்டிலிருந்து கணினிக்குப் படங்களை ஏற்றும் வேகம். படமெடுக்கும்போது கேமரா செய்வது எழுதும் வேலை. எழுதும் வேகம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம், சில கார்டுகளில் அதுவும் இருக்காது. இரண்டாவது, அது "அதிகபட்சம்". அதற்குக் கீழே எவ்வளவு இறங்கும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. மூன்றாவது, கார்டும் கேமராவும் தரவைப் பரிமாறும் இணைப்பு வகைக்கு யுஎச்எஸ் (UHS) என்று பெயர். யுஎச்எஸ்-1 வகைக் கார்டுகளின் தரநிலைப்படி உச்சம் நொடிக்கு 104 எம்பி. அதே வகையில் 170, 200 என்று அச்சடிப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அது அதற்கேற்ற கார்டு ரீடரில்தான் பலிக்கும். உங்கள் கேமராவுக்கு அது கிடைக்காது. யுஎச்எஸ்-2 கார்டுக்குப் பின்னால் இரண்டாவது வரிசைத் தொடுமுனைகள் இருக்கும். கேமராவின் ஸ்லாட்டிலும் அது இருந்தால்தான் பலன், இல்லையென்றால் அது யுஎச்எஸ்-1 ஆகவே நடந்துகொள்ளும். கார்டு வாங்கும் முன் கேமராவின் கையேட்டைத் திறந்து அந்த ஒரு வரியைப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்?

பார்க்க வேண்டியது வி என்ற எழுத்தை அடுத்து வரும் எண். வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உறுதி. வி60, வி90 என்பவையும் அப்படியே. வட்டத்துக்குள் 10 என்பதும் யு வடிவத்துக்குள் 1 என்பதும் ஒரே பொருள், 10 எம்பி. யு வடிவத்துக்குள் 3 என்றால் வி30க்குச் சமம். ஏ1, ஏ2 என்றும் போட்டிருப்பார்கள், அது கைபேசியில் செயலிகளைக் கார்டிலிருந்து ஓட்டுவதற்கானது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வீடியோ எடுப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கேமரா மெனுவில் 400 என்று இருப்பது மெகாபிட். கார்டில் இருப்பது மெகாபைட், அதாவது எம்பி. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் எட்டால் வகுங்கள், 50 வரும், வி60 போதும். 100 மெகாபிட் வீடியோவுக்கு வி30 தாராளம். "கேமரா 400 கேட்கிறது, கார்டில் வெறும் 60தானா" என்று பதறி வி90 வாங்கிவிட்டு, அந்தச் செலவை ஈடுகட்ட இரண்டாவது கார்டு வாங்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது கார்டுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நிதானமாக ஒவ்வொரு படமாக எடுப்பவருக்கு வி30க்கு மேல் அவசியமே இல்லை. பறவை, விளையாட்டு என்று விடாமல் அடிப்பவர்களுக்குப் பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படங்கள் காத்திருக்கும் கேமராவின் உள் நினைவகம்) சீக்கிரம் காலியாக வேகமான கார்டு உதவும், அவ்வளவுதான்.

ஆக, வேகம் வேறு, நம்பகம் வேறு. வி90 என்று போட்ட கார்டும் ஒரு நாள் கண்ட்ரோலர் செத்துப் போய் எதற்கும் பதில் சொல்லாமல் கிடக்கும். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்பதையும் நம்பிக் குதிக்காதீர்கள். கார்டு கெட்டால் புதிய காலிக் கார்டு தருவார்கள், படங்களைத் தரமாட்டார்கள்.

கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் தயவுசெய்து அந்த மெனுவை இன்றே திறந்து பாருங்கள். முதல் கார்டு நிறைந்த பிறகு இரண்டாவதற்குப் போவது ஓர் அமைப்பு, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவது இன்னோர் அமைப்பு. இரண்டு கார்டு போட்டிருந்தும் முதல் அமைப்பிலேயே விட்டுவைத்துப் பாதிப் படங்களை இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இரண்டிலும் எழுதும் கேமரா என்றால் பெரிய கார்டாகவே போடுங்கள், ஆபத்து குறைவு. ஒரே ஸ்லாட் என்றால் 512 ஜிபியில் எல்லாவற்றையும் கொட்டாமல் 64, 128 என்று சிலவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே என் விருப்பம். ஒன்று போனாலும் மற்றவை இருக்கும்.

மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகிப் பெரிய கேமராவில் போடும் பழக்கத்தை விடுங்கள், பழுதாக இன்னோர் இணைப்பை நீங்களே சேர்க்கிறீர்கள். எழுதும் விளக்கு எரியும்போது மூடியைத் திறக்காதீர்கள். படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்து, திறந்து பார்த்த பிறகு, கார்டைக் கணினியில் அல்ல, அதே கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள்.

சரி, மீறி ஏதோ ஆகிவிட்டது. முதலில் அந்தக் கார்டில் எடுப்பதை நிறுத்துங்கள், "இன்னும் நாலே படம்" கூட வேண்டாம். அழித்த படத்தின் தரவு, வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரைக்கும்தான் அங்கே இருக்கும். பூட்டுத் தாழ்ப்பாளைக் கீழே தள்ளி வையுங்கள். "ஃபார்மட் செய்ய வேண்டுமா?" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "பிழைகளைச் சரிசெய்யவா?" என்றாலும் வேண்டாம், அது படங்களைத் துண்டு துண்டாக்கிப் பெயரில்லாத ஃபைல்களாகக் குவித்துவிடும். கார்டைக் கணினி அடையாளம் காண்கிறது என்றால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை நீங்களே முயலலாம். ஆனால் மீண்டு வரும் படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள். இப்படிச் செய்துவிட்டு வருபவர்கள் இன்னும் குறையவில்லை. கார்டு சூடாகிறது, அல்லது கணினிக்குத் தெரியவே இல்லை என்றால் மறுபடி மறுபடி செருகிப் பார்க்காமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

ரிகவரிக்குக் கொடுக்கும்போது என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்னென்ன ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டோம், திட்டினாலும் வேலையைச் செய்வோம். எந்தக் கேமரா, படங்கள் ரா (RAW) வகையா ஜேபெக் (JPEG) வகையா என்பதையும் எழுதிக் கொடுங்கள். போனது வீடியோ என்றால், அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நன்றாக ஓடும் ஒரு வீடியோவையும் வேறொரு கார்டில் கொண்டுவாருங்கள். உடைந்ததை ஒட்டவைக்க அதுதான் எங்களுக்கு மாதிரி.