பட்டை ஏற்றுவதற்கு முன் எடை மேடைக்குப் போய் வாருங்கள்

பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிக்கப் வண்டிகளின் சஸ்பென்ஷன் வேலை பார்த்து வருகிறேன். களக்காடு, ஏர்வாடி, சேரன்மகாதேவிப் பக்கத்து வாழைத்தார் வண்டிகள், உவரியிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகள், திசையன்விளைச் செம்மணல் தேரியில் தோட்டம் வைத்திருப்பவர்களின் நான்கு சக்கர இயக்க வண்டிகள் என்று பட்டறைக்கு வருபவை பலவகையாக இருந்தாலும், கேட்கப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, பாரம் ஏத்துனா பின்னால உக்காந்துருது, ரெண்டு பட்டை கூட்டிப் போட்டுருங்க." பட்டை என்பது பின்பக்க ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் எஃகுத் தகடு. இந்த இரண்டு பட்டைகளின் விளைவு ஸ்பிரிங்கோடு நின்றுவிடுவதில்லை, பிரேக் வரை போகிறது என்பது கேட்பவருக்கும் தெரிவதில்லை, போட்டுக் கொடுப்பவர்களில் பலருக்கும் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் களக்காட்டு வாழைத்தார் வியாபாரி ஒருவர் தம் வண்டியைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் பின்பக்கம் இரண்டிரண்டு பட்டைகள் கூடுதலாகப் போட்டிருந்தார். பாரம் ஏற்றினால் வண்டி இப்போது உட்காரவில்லை. ஆனால் முன்சக்கர பிரேக் பேட் முன்பு உழைத்ததில் பாதிக் காலம்கூட உழைக்கவில்லை என்றும், நாகர்கோவிலில் தாரை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது முப்பந்தல் காற்றில் வண்டியின் பின்பக்கம் துள்ளித் துள்ளி ஒருபுறமாக விலகுகிறது என்றும் சொன்னார். இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்று அவர் நினைத்திருந்தார். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தபோது, பின் அச்சுக்கும் சேஸி என்னும் அடிச்சட்டத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிறிய நெம்புகோல் தொழிற்சாலையில் பொருத்தியபடியே தொடாமல் இருந்தது.

அந்த நெம்புகோல் எல்.எஸ்.பி.வி. என்னும் வால்வைச் சேர்ந்தது. பல பிக்கப்களில் பின்சக்கர பிரேக்கிற்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை இதுவே முடிவு செய்கிறது. எடையை அது நேராக அறிவதில்லை. அச்சுக்கும் சேஸிக்கும் உள்ள இடைவெளியை வைத்தே கணிக்கிறது. வண்டி காலியாக இருந்தால் சேஸி உயர்ந்து நிற்கும், உடனே வால்வு பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து, சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும். பாரம் ஏறிச் சேஸி தாழ்ந்தால் அழுத்தத்தைக் கூட்டும். நாம் பட்டைகளைக் கூட்டிவிட்டால் ஒன்றரை டன் ஏற்றிய பிறகும் சேஸி தாழாமல் உயர்ந்தே நிற்கிறது. வால்வோ வண்டி காலி என்று நம்பிப் பின் பிரேக்கை அடக்கி வைக்கிறது. நிறுத்த வேண்டிய சுமை முழுவதும் முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. பேட் சீக்கிரம் தேய்வது அதன் சிறிய விளைவுதான். இறக்கமான சாலையில் நிறுத்தும் தூரம் கூடிப்போவதே பெரிய விளைவு. ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டிகள் சிலவற்றில் இவ்வேலையை மின்னணுக் கருவி பார்த்துக்கொள்கிறது. மற்ற வண்டிகளில் ஸ்பிரிங்கின் உயரத்தை மாற்றியவர் அந்த நெம்புகோலையும் தயாரிப்பாளர் சொல்லும் அளவின்படி மாற்றி அமைக்க வேண்டும்.

காலி வண்டி துள்ளுவதற்குக் காரணம் பட்டையின் கணக்கு. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு (தடிமன் × தடிமன் × தடிமன்) கூடும், 8 மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு அதே நீளத்தில் 10 மி.மீ. பட்டை போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். "கொஞ்சம் கனமான பட்டை" என்று கேட்பவருக்கு இந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று தெரிந்திருப்பதில்லை. பாரத்துக்கு விறைத்த ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது வளையவே வளையாது. சக்கரம் தரையை விட்டு எழும், எழுந்த சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று பக்கவாட்டில் அறையும் மாதங்களில், காவல்கிணறு தாண்டும் காலி வண்டிக்கு அந்தப் பிடிமானம் ஒவ்வொரு நொடியும் தேவைப்படுகிறது.

ஆகவே பட்டை கேட்டு வருபவரை நான் முதலில் எடை மேடைக்கு அனுப்புகிறேன். வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு முழு வண்டியை ஒரு முறையும், பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறையும் எடை போட்டு வரச் சொல்வேன். செலவு சொற்பம். பலர் அந்தச் சீட்டோடு திரும்பி வரும்போது முகம் மாறியிருக்கும், 1.3 டன்னுக்குச் செய்த வண்டியில் இரண்டு டன்னுக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். அங்கே குறை ஸ்பிரிங்கில் இல்லை. பட்டையைக் கூட்டினாலும் அச்சு, பேரிங், டயர், பிரேக் ஆகியவற்றின் தாங்கும் திறன் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையும் மாறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது.

எடை சரியாக இருந்தும் வண்டி ஆடுகிறது என்றால் நான் அடுத்து ஷாக் அப்சார்பரைப் பார்ப்பேன். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. அதன் ஆட்டத்தை அடக்கி வெப்பமாக மாற்றுவது ஷாக்கின் வேலை. மேடுபள்ளமான சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ஷாக்குகளையும் கவனமாகத் தொட்டுப் பார்த்தால், மூன்று சூடாகவும் ஒன்று ஆறியும் இருக்கும் வண்டியில் அந்த ஒன்று செத்துவிட்டது என்று பொருள். நான்குவழிச் சாலையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு நல்ல ஷாக்குகளும், ஸ்பிரிங் முனைகளில் புதிய ரப்பர் புஷ்களும், சரியான காற்றழுத்தமும், வீல் அலைன்மென்ட்டும் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நெடுந்தூரம் கரடுமுரடான பாதையில் ஓடுபவர்கள், ஒற்றைக் குழாயில் நைட்ரஜன் நிரப்பிய வகையை வாங்கலாம். எண்ணெயின் வெப்பம் எளிதில் வெளியேறுவதால் அது அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை.

தேரிக்கும் குளத்துக்கரைக்கும் வேண்டியது வேறு. அங்கே ஒரு சக்கரம் மேட்டிலும் மறு சக்கரம் பள்ளத்திலும் நிற்கும். இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமானால் ஸ்பிரிங் வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்த வண்டி மணலில் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, மறு சக்கரத்தால் குழி தோண்டும். தேரி மணலில் பாரமில்லாத வண்டியின் டயர் காற்றை 18 அல்லது 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் கிடைக்கும் நன்மையை, பல ஆயிரம் ரூபாய் செலவில் உயர்த்திய வண்டியும் தராது. ஆனால் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும். பாரம் உள்ள வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

உயரம் கேட்கும் இளைஞர்கள் தனி வகை. முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும், காயில் ஸ்பிரிங் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டியை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் அச்சுத்தண்டுகளின் கோணம் கூடி, அவற்றின் ரப்பர் உறைகள் கிழியும். பழைய ஷாக் முழுதும் நீண்டு தொங்கியபடி அடிபடும். சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸ் விறைத்து நிற்கும். வேலை முடிந்ததும் சேஸியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு ஹோஸ்களைப் பார்க்காமல் வண்டியை வெளியே விடக்கூடாது. மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று ஏறும் குறுகிய மலைப்பாதையின் வளைவுகளில், உயர்த்திய வண்டி எப்படிச் சாய்கிறது என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள்.

உவரி வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். பட்டைகளுக்கிடையே துரு ஏறாமலிருக்க வேஸ்ட் ஆயிலை அடிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அந்த ஆயில் புஷ் ரப்பரை ஊதவைத்துக் கெடுப்பதோடு தூசியையும் ஒட்டவைக்கிறது. கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுவதே போதும்.

களக்காட்டுக்காரரின் வண்டியில் கூடுதல் பட்டைகளைக் கழற்றினேன். பாரம் ஏறிய பிறகு மட்டும் வேலை செய்யும் உதவிப் பட்டை ஒன்றைப் போட்டு, நான்கு மூலைகளிலும் சக்கர மையத்திலிருந்து பாடியின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொண்டு, வால்வை அமைத்து, ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டேன். ஒரு முறை இழுத்து முறுக்கிய யூ போல்ட்டை நான் திரும்பப் பயன்படுத்துவதில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் வந்து நட்டுகளை மறுபடி முறுக்கிப் போகும்படி சொல்லியிருந்தேன். எல்லோரிடமும் சொல்வதுதான், பாதிப்பேர் வருவதில்லை. அவர் வந்தார். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்தபோது, எட்டில் மூன்று நட்டுகள் இன்னும் கால் சுற்று இறங்கின.