சோற்றைச் சூடாக்கினால் போதாது

மறுபடியும் பிரைட் ரைஸ் சாப்பிட்டுச் சத்தி. சமைத்தவர்களிடம் கேட்டால் மறுபடியும் அதே பதில்: "நல்லாச் சூடாக்கித்தானே குடுத்தனாங்கள்." காலையில் அவித்த சோறு மூடிய சட்டியில் பின்னேரம் வரை மூலையில் கிடந்ததைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சூடாக்கினால் எல்லாம் செத்துவிடும் என்பது பாதி உண்மை, அதுதான் தொல்லை. கோழியில் வரும் சல்மொனெல்லாக் கிருமி சூட்டுக்குச் சாகும். சோற்றின் ஆள் வேறு: மண்ணில் வாழ்ந்து அரிசியோடு வீட்டுக்கு வரும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா.

மண்ணில் தீனி குறைந்ததும் இதற்குள் ஸ்போ-0ஏ என்ற புரதத்தில் பொஸ்பேற்று ஏறும். உடனே கலம் பெருகுவதை விட்டுவிட்டு வித்தி, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் வடிவம், கட்டத் தொடங்கும். வித்தியின் நடுவிலிருந்து நீர் வெளியேற, கல்சியத்தோடு சேர்ந்த டைபிக்கோலினிக் அமிலம் அங்கே நிறையும். உலர் நிறையில் ஏறத்தாழ 10 வீதம். சிறு புரதங்கள் டிஎன்ஏயைப் போர்த்திக்கொள்ளும். நீர் வற்றிய இடத்தில் புரதம் லேசில் உருக்குலையாது. ஆகவே கொதிக்கும் பானையில் மற்றவை சாக, இது மிஞ்சும். (அமுக்க நீராவியால் கிருமி கொல்லும் ஒட்டோகிளேவ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடங்களில் உள்ளே வைப்பதும் வித்திகளைத்தான்.) அந்தச் சூடே வித்தியைத் தட்டி எழுப்பவும் செய்யும். போட்டிக்கு ஆளில்லை, ஈரமான மாப்பொருள், கொழும்பின் 30 பாகை. வேறென்ன வேண்டும்?

நீங்கள் ஏமாறுவது இதற்குப் பிறகு. முளைத்துப் பெருகும்போது இதில் சில வகைகள் செரியுலைட் என்ற நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவிடும். 12 அலகுகளை வளையமாகக் கோர்த்த சிறு மூலக்கூறு அது. சூட்டில் மடிப்புக் குலைய அது பெரிய புரதமல்ல. 121 பாகையில் ஒன்றரை மணி நேரத்தையும் தாங்கும். இரைப்பை அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. தாச்சியில் ஐந்து நிமிடம் பிரட்டி என்ன வரப்போகிறது? கிருமி சாகும், நஞ்சு இருக்கும். மைக்ரோவேவும் கொத்துத் தட்டும் இதே கதைதான். மணம் மாறாது, முகர்ந்து பார்ப்பதும் வீண்.

மூடிய சட்டியில் நடுச்சோறு மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பரப்புங்கள். ஆவி அடங்கியதும் பிரிட்ஜுக்குள், 5 பாகைக்குக் கீழே. அடுத்த நாளே முடியுங்கள். ஒரு தரம்தான் சூடாக்கலாம். கடைக்காரருக்கு: 60 பாகையிலிருந்து 21க்கு 2 மணி நேரம், அங்கிருந்து 5க்கு இன்னும் 4 மணி நேரம், அதற்கு மேல் இல்லை. சூடாகவே வைத்திருப்பதென்றால் 60க்கு மேலே. கையை வைத்துப் பார்க்காமல் வெப்பமானி வாங்குங்கள். கந்தோர்ப் பார்சலைப் போனவுடன் பிரிட்ஜில் வையுங்கள். அன்னதானம் சமைக்கும் ஐயாமாரே, விடிய ஒரே அண்டாவாக அவிக்காமல் பந்திக்குப் பந்தி அவியுங்கள், தயவுசெய்து.

சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்துக்குள் சத்தி எடுத்தால் ஜீவனி (உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வீட்டிலிருக்கும் அன்டிபயோடிக்கைத் தேடாதீர்கள். நஞ்சுக்கு அது வேலை செய்யாது. பிள்ளை சோர்ந்து போனாலோ சலம் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இந்த நஞ்சு ஈரலைத் தாக்கி உயிர் போன சம்பவங்களும் உண்டு. மிச்சச் சோற்றைக் கொட்டாமல் சுத்தமான பெட்டியில் போட்டுப் பிரிட்ஜில் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். விம் போட்டுக் கழுவிய சட்டியில் ஆய்வுகூடத்தில் எங்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை.